மணல் இன்னும் பிடிக்கல

"போர் போடுதாவ போல. இங்கன எத்தன அடி எறக்குனாலும் உப்புத்தண்ணிதாம்ல வரும்."

முன் சீட்டு அண்ணாச்சி சொன்னது உங்களுக்கும் கேட்டதா அக்கா? ஜன்னலுக்கு வெளியே நிற்கிறதே, அது போர் வண்டி இல்லை. எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். எந்த ஊரில் போய் வண்டியை நிறுத்தினாலும் முதலில் யாராவது ஒருவர் வந்து, தண்ணீர் எத்தனை அடியில் என்று கேட்பார். தண்ணீருக்கு இல்லை என்று சொன்னால், அப்புறம் எதுக்கு என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவர் போய்விடுவார்.

நான் பஸ்ஸில் யாரிடமும் பேசுகிறவள் இல்லை. வீட்டிலேயே அம்மா சொல்வாள், எப்சிபா வாயைத் திறந்தால் மழை வரும் என்று. உங்கள் முகத்தைப் பார்த்தால் ஏனோ பேசலாம் போல இருக்கிறது. தூத்துக்குடி போய் இறங்கினால் நீங்கள் யாரோ, நான் யாரோ. தூங்குவதாக இருந்தால் சொல்லிவிடுங்கள், நிறுத்திக்கொள்கிறேன்.

அந்த வண்டியில் கூம்பு முனை வைத்த ஒரு இரும்புக் கோன் இருக்கும். பெரிய ஆளின் கட்டைவிரலைவிட இரண்டு பங்கு பருமன். அதைச் சுழற்றாமல், தட்டாமல், ஒரே வேகத்தில் மண்ணுக்குள் அமுக்குவார்கள். ஒரு வினாடிக்கு இரண்டு சென்டிமீட்டர். ஊசி போடுகிற மாதிரிதான். முனையில் எவ்வளவு எதிர்ப்பு, பக்கத்தில் எவ்வளவு உரசல் என்று கம்ப்யூட்டரில் கோடாக வரும். களிமண் என்றால் முனையைச் சுலபமாக விட்டுவிடும், பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். மணல் அப்படி இல்லை. முனை திணறும், பக்கம் சும்மா இருக்கும். அந்தக் கோட்டைப் படித்து, இந்த மணல் எவ்வளவு இறுகியிருக்கிறது, மேலே கட்டினால் தாங்குமா என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. படித்த படிப்புக்குக் கிடைத்த வேலை, எனக்குப் பிடித்த வேலையும்கூட. மண்ணோடு பேச வெட்கப்பட வேண்டியதில்லை பாருங்கள்.

இந்த வருஷம் மாசிக்குப் பிறகு கடலோரத்தில் ஒரு இடம். எண்ணெய்த் தொட்டி கட்டப் போகிறார்கள். கடலைத் தோண்டின மணலைக் கொண்டுவந்து கொட்டி மேடாக்கியிருந்தார்கள். கொட்டின மணல் பொலபொலவென்று இருக்கும். அதை இறுக்க ஒரு கூட்டம் வந்தது. கிரேனில் நீளக் குழாய் ஒன்று தொங்கும், அதன் முனை அதிரும். மணலுக்குள் அதை இறக்கி, அரை மீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தி அதிர விட்டு, மெதுவாக மேலே எடுக்க வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு மேஸ்திரிதான் அதிசயராஜ்.

ஆமாம், பெயரே அதுதான். எங்கள் பக்கத்துச் சபையில் இப்படிப் பெயர்கள் உண்டு. சைட்டில் எல்லோரும் அதிசயம் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் வண்டியை ஓட்டுகிற இசக்கி அண்ணன் முதல் நாளே, "இங்க ஒரே அதிசயம் நீதாம்ல, மத்ததெல்லாம் மண்ணு" என்றார். அதிசயராஜ் சிரித்தார். டிப்ளமா படித்தவர், என்னைவிட மூன்று வயது பெரியவர். என் கண்ணை நேராகப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பேசுவார். நானும் கம்ப்யூட்டரைப் பார்த்தேதான் பதில் சொல்வேன். அப்படியே இரண்டு மாசம் பேசியிருக்கிறோம்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதிர விட்ட மணல் உடனே இறுகிவிடாது. மூன்றாம் நாள் கோனை இறக்கிப் பார்த்தால் எண் குறைவாகத்தான் வரும். சில இடத்தில் அதிர விடுவதற்கு முன் இருந்ததைவிடவும் குறைந்திருக்கும். இரண்டு வாரம், மூன்று வாரம் யாரும் தொடாமல் விட்டால் அதே மணல் தானாக ஏறும். ஏன் என்று புத்தகம் எழுதுகிறவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: பஸ்ஸில் கும்பலாக ஏறியதும் இடித்துக்கொண்டு நிற்கிறோம், இரண்டு நிறுத்தம் போனதும் ஆளுக்கு ஆள் கால் வைக்க இடம் சரியாகிவிடுகிறது இல்லையா, அது மாதிரி. சைட்டில் அதற்கு ஒரு வார்த்தை உண்டு. சிமென்ட் பிடிக்கிறது, வேர் பிடிக்கிறது என்பது போல மணல் பிடிக்கிறது என்பார்கள். "நாலாம் பாயிண்ட் பிடிச்சிருச்சு." "ஏழு இன்னும் பிடிக்கல." ஒரு நாளைக்கு நாற்பது தடவை காதில் விழும்.

ஆனால் ஒப்பந்தத்தில் மூன்றாம் நாள் சோதனை என்று எழுதியிருந்தார்கள். அவசரம். அதனால் என் அறிக்கைகளில் கடைசியாக ஒரு வரி எழுதுவேன். 'இது மூன்றாம் நாள் அளவு. மூன்று வாரம் கழித்து மறுபடி பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.' அந்த ஒரு வரிக்காகத்தான் அதிசயராஜ் எனக்கு முதன்முதலில் நன்றி சொன்னார். "மத்த எஞ்சினியருங்க எண்ணத்தான் எழுதுவாங்க. நீங்க நாளையும் எழுதுறீங்க." கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார். அதற்கு மறுவாரம் மேடம் போய் எப்சி ஆகிவிட்டேன்.

அப்புறம் யார் யாரிடம் சொன்னார்கள் என்று தெரியாது. சபையில் எல்லாமே சீக்கிரம் பரவும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவருடைய அக்கா கிருபா எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தோம் என்றார்கள். அம்மா புது டம்ளரை எடுத்தாள். எனக்குக் கை நடுங்கியதில் காப்பி கொஞ்சம் தட்டில் சிந்தியது. கிருபா அக்கா என்னைக் கீழிருந்து மேலே பார்த்துவிட்டு, "வெயில்ல நின்னு நின்னு கறுத்துட்டியேம்மா" என்றார்கள். வேறொன்றும் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்கள். நானும் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டேன். அவர்கள் போன பிறகு அம்மா கண்ணாடியைத் துடைத்து என் பக்கம் திருப்பி வைத்தாள், அவ்வளவுதான்.

மறுநாள் திங்கட்கிழமை. சைட்டில் தண்ணீர் டேங்கர் நிற்கும், அதன் பின்னால் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் அதிசயராஜ் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஒட்டுக்கேட்கவில்லை அக்கா. பாட்டில் நிறைய வேண்டுமே, அதுவரை நின்றேன்.

"இல்லங்க, இன்னும் பிடிக்கல," என்றார். "இப்பத்தான பாத்திருக்கு, அதுக்குள்ள எப்படிப் பிடிக்கும்?" கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டார். "எனக்கும் புரியுதுங்க. ஒரு மூணு வாரம் விடுங்க. போகப் போகத் தானா பிடிச்சிரும். இப்பவே நம்ம பக்கத்துல இருந்து முடிவு எதுவும் சொல்லிர வேண்டாம்."

பாட்டில் நிறைந்து தண்ணீர் காலில் வழிந்தது. குழாயை மூடிவிட்டு வண்டிக்கு வந்தேன்.

சொன்னேனே, ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்கிற வார்த்தை. அன்றைக்கு என் காதில் அது மணலாக விழவில்லை. நேற்று அக்கா வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், இன்றைக்குத் தம்பி பதில் சொல்கிறார், வேறு எப்படி நினைப்பது? போகப் போகத் தானா பிடிச்சிரும். யோசித்துப் பாருங்கள். ஒரு பெண்ணைப் பற்றி அப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்! பிடிக்கவில்லை என்று நேராகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவரிடம் போய்க் கேட்டிருக்கலாம் என்கிறீர்கள். என்னவென்று கேட்பது? என்னைப் பிடிக்கவில்லையா என்றா? எனக்கு அதெல்லாம் வராது அக்கா. கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுவேன்.

அன்று மாலை அம்மாவிடம், அந்த இடம் வேண்டாம் என்று சொல்லிவிடச் சொன்னேன். அவர்கள் சொல்வதற்கு முன்னால் நாம் சொல்லிவிடுவது மரியாதை இல்லையா. அம்மா ஏன் என்று கேட்டாள். எனக்குப் பிடிக்கல என்றேன்.

புதன்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும். கோன் இறக்கின பன்னிரண்டு பாயிண்டுகள். பத்து வர வேண்டிய இடத்தில் ஆறு, ஆறரை. ஏழாம் பாயிண்ட் ஐந்தைத் தாண்டவில்லை. இருந்ததை இருந்தபடி எழுதினேன். ஒரு எண்ணையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இன்றைக்கு யார் வேண்டுமானாலும் எடுத்துச் சரிபார்க்கலாம். அந்தக் கடைசி வரி மட்டும் எழுதவில்லை.

அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கம் நிறைந்துவிட்டது. அட்டவணை பெரியது, கீழே கையெழுத்துக்குத்தான் இடம் இருந்தது. அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கலாம்தான். ஒரு வரிக்காக இன்னொரு பக்கமா என்று விட்டுவிட்டேன். எங்கள் சாரும் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார். தேதி மேலே இருக்கிறது, மூன்றாம் நாள் என்று கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். கணக்குப் போடாதது அவர்கள் தப்பு.

அவர்கள் போடவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் சைட்டுக்குப் பெரிய அதிகாரி ஒருவர் வந்து, என் தாளை எல்லோர் முன்னாலும் ஆட்டிக் காட்டினார். அரை மீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தாமல் குழாயைச் சரசரவென்று மேலே இழுத்திருக்கிறீர்கள், மண்ணை ஏமாற்றியிருக்கிறீர்கள் என்றார். அதிசயராஜ் "சார், இன்னும் மூணு வாரம்…" என்று ஆரம்பித்தார். "அறிக்கையில அப்படி ஒண்ணும் இல்லையே" என்றார் அதிகாரி. அப்போது அதிசயராஜ் என் பக்கம் திரும்பினார். அந்த இரண்டு மாசத்தில் அவர் என் முகத்தை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானத்துக்குள் அவரையும் ஆட்களையும் சேர்த்து எட்டுப் பேரையும் வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஏமாற்றி வேலை செய்கிறவன் என்று பெயர் வந்துவிட்டால் இந்தத் தொழிலில் வேறு யாரும் கூப்பிட மாட்டார்கள். அது எனக்கு அப்போது தெரியாது. தெரியும், ஆனால் அப்படி நினைத்துப் பார்க்கவில்லை. அன்று மாலை மூன்று தடவை அவரிடமிருந்து போன் வந்தது. வேலையாக இருந்தேன்.

புது ஆட்கள் வருகிறோம் வருகிறோம் என்று வரவே இல்லை. அவர்கள் கிரேன் வேறு எங்கோ மாட்டிக்கொண்டது. இடம் அப்படியே கிடந்தது, ஒரு நாய்கூட நடக்கவில்லை. சும்மா இருக்கிற நேரத்தில் இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள் என்று மறுபடி எங்களைக் கூப்பிட்டார்கள். கணக்குப் பார்த்தேன். இருபத்து நாலாம் நாள்.

முதலில் ஏழாம் பாயிண்ட். நான்தான் அங்கே முதலில் இறக்கச் சொன்னேன். ஒரு மீட்டர், இரண்டு மீட்டர், கோடு சாதாரணமாக இறங்கியது. மூன்றைத் தாண்டியதும் வலது பக்கம் நகர ஆரம்பித்தது. எட்டு, ஒன்பது, பத்தரை. ஐந்து மீட்டரில் வண்டியின் பின்பக்கமே லேசாகத் தூக்கியது. கோன் உள்ளே போக மாட்டேன் என்கிறது, வண்டி எழும்புகிறது. இசக்கி அண்ணன் கைப்பிடியை விட்டுவிட்டு, "ஏயப்பா, நல்லாப் பிடிச்சிருச்சே!" என்றார்.

நான் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டேன்.

"பாவம் அந்தப் பய," என்றார் அண்ணன். "அன்னைக்கே தலபாடா அடிச்சுக்கிட்டான். அவன் கம்பெனி ஆபீஸ்ல இருந்து போன் மேல போன். இன்னும் பிடிக்கலங்க, மூணு வாரம் விடுங்க, தானா பிடிச்சிரும், நம்மளா முடிவு சொல்லிர வேண்டாம்னு கெஞ்சுதான். எவன் கேட்டான்?"

"என்னைக்கு அண்ணே?" என்றேன்.

"அந்தத் திங்கக்கெழம. டேங்கர்கிட்ட. நான் அந்தப் பக்கந்தான் பீடி குடிச்சிட்டு இருந்தேன். ஏன் மேடம்? மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு. தண்ணி குடிக்கேளா?"

மீதிப் பதினொரு பாயிண்டையும் முடித்தோம். எல்லாம் பத்துக்கு மேல். கைதான் எழுதியது. மேலே அனுப்பினால், நல்லது, தானாகச் சரியாகிவிட்டது என்றார்கள். எட்டுப் பேரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் சாரிடம் போய் நின்றேன். "முடிஞ்ச ரிப்போர்ட்டத் தோண்டாதம்மா" என்றார். சரி சார் என்று வந்துவிட்டேன்.

அதனால்தான் இன்றைக்கு அதிசயராஜின் ஊருக்கு, ஆறுமுகநேரிக்கு வந்தேன். ஏழாம் பாயிண்டின் இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் போட்டேன். மூன்றாம் நாள் சிவப்பு, இருபத்து நாலாம் நாள் நீலம். பார்த்தால் யாருக்கும் புரிந்துவிடும். காலையில் அம்மாவிடம் தோழி வீடு என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் கிருபா அக்காதான் இருந்தார்கள். கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. "உப்பளத்துல நிக்கான். மாமாகூட உப்பு வாருறதுக்குப் போறான்" என்றார்கள். நான் திரும்பினபோது பின்னாலேயே வாசல்வரை வந்தார்கள்.

"ஒண்ணு சொல்லுதேன், தப்பா நெனைக்காத. அன்னைக்கு உங்க வீட்டுல இருந்து வந்ததும் அவன் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். அவளுக்கு என்னைப் பிடிச்சிருக்காமா அக்கான்னான். கை நடுங்குச்சுடா, காப்பியக் கொட்டிட்டா, பிடிச்சிருக்குன்னுதான் நெனைக்கேன்னேன். சின்னப் புள்ள மாதிரி சிரிச்சான். மறுநாளே நீங்க வேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டீங்க." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்கள். "இப்ப நாசரேத்துல ஒரு இடம் பேசி முடிச்சாச்சு. ஆகஸ்ட்ல வச்சிருக்கோம்."

சந்தோஷம் அக்கா என்றேன். வேறென்ன சொல்வது?

உப்பளத்துக்கு அரை மைல் நடந்தேன். இரண்டு பக்கமும் வெள்ளையாகக் குவித்து வைத்திருந்தார்கள், கண்ணைத் திறக்க முடியவில்லை. அவரை நடையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். நீளக் கட்டை ஒன்றால் உப்பை இழுத்துக் கரையில் ஒதுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கட்டையைப் போட்டுவிட்டு, பாத்தித் தண்ணீரிலேயே கையைக் கழுவி, சட்டையில் துடைத்துக்கொண்டு வரப்புக்கு வந்தார்.

"வாங்க மேடம்," என்றார்.

நான் தாளை நீட்டினேன். கையில் ஈரம் என்பதால் ஓரத்தை மட்டும் பிடித்து வாங்கினார்.

"ஏழாம் பாயிண்டா?"

"ஆமா."

"ஏழுதான் ரொம்ப மோசமா இருந்துச்சு." நீலக் கோட்டின் பக்கத்திலேயே கட்டைவிரல் இறங்கியது, தாளைத் தொடாமல். "பத்தரை. இது எத்தனாவது நாள்?"

"இருபத்து நாலு."

"யாரும் தொடலையே?"

"யாரும் தொடல. கிரேன் வரவே இல்ல."

அப்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். பிள்ளை பாஸாகிவிட்டது என்று கேட்ட மாதிரி. கல்யாணம், உப்பளம், நான் எல்லாம் மறந்து ஒரு நிமிஷம் அந்த மணலை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அவருக்கு என்மேல் கோபமே இல்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் நான் சொல்லியாயிற்று என்று நினைத்தேன், தாளில் எல்லாம்தான் இருக்கிறதே.

அப்புறம் தாளைத் தாழ்த்தினார்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டா? எப்பவும் கடைசில ஒரு வரி எழுதுவீங்க. எல்லா சைட்டுக்கும் எழுதுனீங்க. நம்ம சைட்டுக்கும் அதுக்கு முந்துன ரிப்போர்ட் வரைக்கும் எழுதுனீங்க. அந்த ஒரு தடவ மட்டும் ஏன் எழுதல?"

குறையாகக் கேட்கவில்லை அக்கா. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ராத்திரி படுத்தால் அது ஒன்றுதான் அவருக்குப் புரியாமல் இருந்திருக்கும் போல. டேங்கர், போன், காலில் வழிந்த தண்ணீர், கண்ணாடி, எல்லாம் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. உங்களிடம் இப்போது எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன் பாருங்கள். அங்கே நின்று அவர் முகத்தை நேராகப் பார்த்தேன். முதல் தடவை.

"பக்கம் நிறைஞ்சிருச்சு," என்றேன்.

"ஓ," என்றார். "சரி."

"தாளை நீங்களே வச்சுக்கோங்க," என்றேன்.

அவர் தாளை ஓரத்திலேயே பிடித்துக்கொண்டார். முன்னால் நடந்தார், நான் பின்னால் நடந்தேன். ரோடு வந்து சேரும்போது இந்த பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. ஜன்னல் பக்கம் இருந்தீர்களே, நீங்கள்கூடப் பார்த்திருப்பீர்கள். நான் கை காட்டுவதற்கு முன்னால் அவரே ரோட்டில் இறங்கி நின்று கையை நீட்டி நிறுத்தினார். "அண்ணே, மேடம் தூத்துக்குடி, ஒரு எடம் பாத்துக் குடுங்க," என்று கண்டக்டரிடம் சொன்னார். நான் படியில் கால் வைத்ததும் தாளை நாலாக மடித்து என் கையில் வைத்தார். பஸ் கிளம்புவதற்கு முன்பே திரும்பி வரப்பில் இறங்கி, போட்டுவிட்டு வந்த கட்டையை எடுக்க நடந்தார்.